புளோட்டினஸை முதல் பக்கத்திலிருந்து வாசிக்காதீர்கள்

3ஆம் நூற்றாண்டுத் தத்துவ ஞானி புளோட்டினஸின் ‘என்னியட்ஸ்’ நூலை வரிசையாகப் படிக்கத் தொடங்கினால் பத்துப் பக்கம் தாண்டுவதே பெரும்பாடு. குறை உங்களிடம் இல்லை, அடுக்கியவரிடம் இருக்கிறது. கி.பி. 270இல் புளோட்டினஸ் இறந்து சுமார் 30 ஆண்டுகளுக்குப் பின், மாணவர் போர்ஃபிரி அவருடைய எழுத்துகளைத் தொகுத்தார். எண்களில் புனிதம் கண்ட காலம் அது. ஒன்பது ஒன்பதாக ஆறு தொகுதிகள், மொத்தம் 54 கட்டுரைகள் வர வேண்டும் என்பதற்காகச் சில நீண்ட கட்டுரைகளைத் துண்டு போட்டார். முதலில் நிற்கும் கட்டுரை, ஆசிரியர் கடைசிக் காலத்தில் எழுதியது!

ஆகவே, போர்ஃபிரி எழுதிய தம் குருவின் வாழ்க்கை வரலாற்றிலிருந்து தொடங்குங்கள். ஒரே மாலையில் முடிந்துவிடும். உடம்போடு இருப்பதற்கே கூசியவர், தன்னை ஓவியமாக வரைய ஒப்பாதவர் என்று ஆரம்பிக்கிறது. ஆனால் அதே மனிதரின் ரோமாபுரி வீடு நிறைய, பெற்றோர் சாகும்முன் அவர் பொறுப்பில் விட்டுச்சென்ற பிள்ளைகள். அவர்களுடைய சொத்துக் கணக்கை அவரே பொறுமையாகச் சரிபார்த்தார்; அவர்கள் தத்துவத்துக்கு வந்துசேரும்வரை வருமானம் பத்திரமாக இருக்க வேண்டும் என்றார். கணக்குத் தணிக்கையில் காலம் தள்ளிய எனக்கு, எல்லாவற்றுக்கும் மூலமான ‘ஏகம்’ பற்றி இவர் சொல்வதை நம்பலாம் என்று தோன்றியது இந்த இடத்தில்தான்.

அடுத்தது முதல் தொகுதியின் ஆறாம் கட்டுரை. அழகைப் பற்றியது, அவர் முதன்முதலில் எழுதியது. சிற்பி கல்லில் வேண்டாததைச் செதுக்கி எறிவதுபோல் உன்னையே செதுக்கு என்கிறார். இதை இரண்டு முறை படியுங்கள்.

பிறகு ஐந்தாம் தொகுதியின் எட்டாம் கட்டுரை, ஒன்பதாம் பகுதி. இது வாசிப்பதற்கு மட்டுமல்ல, செய்து பார்ப்பதற்கும் உரியது. கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் ஓர் உருண்டையை மனத்தில் நிறுத்துங்கள். சூரியன், விண்மீன்கள், நிலம், கடல், எல்லா உயிர்களும் அதற்குள் ஒருசேரத் தெரிய வேண்டும். எதுவும் எதையும் மறைக்கக் கூடாது. அது நிலைத்ததும் அதன் பருமனை நீக்குங்கள், இடத்தையும் நீக்குங்கள். இங்கேதான் எல்லோரும் வழுக்குவார்கள்: பருமனை நீக்கச் சொன்னால் மனம் ஒரு சின்ன உருண்டையைச் செய்து வைத்துக்கொள்ளும். அது கூடாது என்று அவரே எச்சரிக்கிறார். அதை ஆக்கிய கடவுளை வரும்படி வேண்டு என்பதோடு நிறுத்துகிறார். அவசரப்படாமல், ஒரு வாரமாவது இதில் தங்குங்கள்.

அதன்பின் நான்காம் தொகுதியின் எட்டாவது, ஆறாம் தொகுதியின் ஒன்பதாவது. முன்னது, உடலைவிட்டு விழித்துத் தனக்குள் புகுந்த அனுபவத்தோடு தொடங்குகிறது; பின்னது தனியன் தனியனிடம் ஓடிச் சேர்வதோடு முடிகிறது.

இவ்வளவு படித்த கையோடு கிறித்தவச் சிந்தனையாளர் அகஸ்டினின் ‘ஒப்புதல்கள்’ ஏழாம் பகுதியைத் திறந்தால், பிளேட்டோவைப் பின்பற்றியோரின் நூல்கள் அவரை எப்படித் தன்னுள் திரும்பிப் பார்க்க வைத்தன என்பது விளங்கும். 9ஆம் நூற்றாண்டு பாக்தாதிலோ இதே எழுத்துகள் சிலவற்றின் அரபு வடிவம் அரிஸ்டாட்டிலின் பெயரில் உலவியது. அவருக்கு அது வேண்டாத புகழ்!

ஆறாம் தொகுதியின் முதல் மூன்று கட்டுரைகளைக் கடைசிக்கு ஒதுக்கிவையுங்கள். இருப்பவற்றின் வகைகளைப் பற்றிய வறண்ட வாதம் அது. அரிஸ்டாட்டிலின் வகைப்பாடு தெரியாமல் உள்ளே போக முடியாது.