சேர்வராயன் மலை ஓட்டத்துக்கு நேரக் கணக்குப் போடுவது எப்படி

சமதரையில் கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம் ஓடுகிறவர், 20 கிலோமீட்டர் மலைப் பாதைக்கும் 140 நிமிடம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வந்தால், பாதி வழியில் ஏதாவது ஒரு கல்லின் மேல் அவரைப் பார்க்கலாம். நானும் உட்கார்ந்திருக்கிறேன். ஏற்காட்டில் காப்பித் தோட்டத்து ஏற்றம் ஒன்றில் முட்டியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியபோது, தலையில் விறகுக் கட்டோடு ஏறி வந்த ஒரு அக்கா நடையை நிறுத்தாமலே, "என்ன தம்பி, பஸ்ஸ விட்டுட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

சரி, கணக்கு இதுதான். 100 மீட்டர் உயரம் ஏறுவதை ஒரு கிலோமீட்டர் கூடுதல் தூரமாக வைத்துக்கொள்ளுங்கள். 20 கிலோமீட்டரில் மொத்த ஏற்றம் 800 மீட்டர் என்றால், நம் கால்களுக்கு அது 28 கிலோமீட்டர். ஏழால் பெருக்கினால் 196 நிமிடம். மொத்தமாகப் போட்டு நிறுத்திவிடாமல் பாதையைத் துண்டு போடுங்கள்: முதல் 6 கிலோமீட்டரிலேயே 500 மீட்டர் ஏற்றம் வந்துவிடுகிறது என்றால் அந்தத் துண்டு மட்டும் 11 கிலோமீட்டர், அதாவது 77 நிமிடம், அதை 42 நிமிடத்தில் முடிக்கப் பார்த்துத்தான் எல்லோரும் கெடுகிறோம். கட் ஆஃப், அதாவது போட்டியில் வைத்திருக்கும் கடைசி நேரம், தாண்டிவிடுமோ என்ற பயம் இருந்தால், 1892-இல் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன நடைக் கணக்கு இருக்கிறது. மணிக்கு 5 கிலோமீட்டர், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம் கூட்டல். நம் பாதைக்கு 5 மணி 20 நிமிடம் வருகிறது, அதுவும் முழுக்க நடந்தால்.

ஏற்றத்தில் கடிகாரம் காட்டும் வேகத்தைப் பார்க்காதீர்கள், அது மனசைத்தான் கெடுக்கும். பக்கத்தில் வருகிறவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா? முடியவில்லை என்றால் ஓட்டத்தை விட்டு நடைக்கு வாருங்கள், குட்டை அடியாக, கையால் தொடையை அழுத்திக்கொண்டு. இதில் வெட்கம் எதுவும் இல்லை.

ஆனால் ஆளைச் சாய்ப்பது இறக்கம்தான். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைத் தாங்குகிறது, அதில்தான் சேதம் அதிகம். லேசான இறக்கத்தில் சக்திச் செலவு குறையும். செங்குத்தாகிவிட்டால் பிரேக் பிடிப்பதிலேயே சக்தி போய்விடும், அதனால் ஏற்றத்தில் விட்ட நேரத்தை இறக்கத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்ற கணக்கு பலிக்காது. நம் ஊர் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் ஓடி ஏறிவிட்டு, ஏற்காட்டில் காப்பி குடித்துவிட்டுப் பஸ்ஸில் இறங்கி வருகிறார்கள். பழக வேண்டியதை விட்டுவிட்டு டிக்கெட் எடுக்கிறார்கள் என்று நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், யார் கேட்கிறார்கள்! சில வாரம் கொஞ்ச தூரமாவது ஓடி இறங்குங்கள். தோட்டப் பாதையில் சில்வர் ஓக் சருகு கல்லையும் குழியையும் மூடிக் கிடக்கும், அங்கே வேகத்தை முன்கூட்டியே குறைத்துவிடுங்கள்.

மேலே குளிரில் தாகமே தெரியாது, நேரம் வைத்துத் தண்ணீர் குடியுங்கள்.

அப்புறம், போட்ட கணக்கைக் கையில் பேனாவால் எழுதினால் வியர்வையில் அழிந்துவிடும். பிளாஸ்திரித் துண்டில் எழுதி மணிக்கட்டில் ஒட்டிக்கொள்ளுங்கள். மேலே சொன்ன பாதையில் அடுத்த 5 கிலோமீட்டரில் 100 மீட்டர், அதற்கடுத்த நாலில் 200 மீட்டர், கடைசி ஐந்தில் ஏற்றமே இல்லை என்றால் ஒவ்வொரு துண்டும் முடிய வேண்டிய நிமிடமாக 77, 119, 161, 196 என்று நாலு எண் போதும். முதல் துண்டின் முடிவுக்கு 70-லேயே போய்விட்டால் குஷியாகிவிடாமல், நின்று ஒரு கடலைமிட்டாயைப் பிரித்துத் தின்றுவிட்டு 77-க்குக் கிளம்புங்கள்.