மரத்துப்போனால் உடனே சொல்லுங்கள்

மேற்கு மாம்பலத்தில் வாடகை வீடு எங்களுடையது. எட்டு வருடமாக, அந்தரங்கத்தில் என் துணை சொல்வார், நான் பணிவேன். இருவரும் ஆசைப்பட்டு, பேசி எடுத்த முடிவு. முதல் வருடமே ஒரு தப்பு செய்தேன். விளையாட்டில் அவர் என் மேல்கையில் கட்டிய கயிறு அழுத்தி, கட்டைவிரலுக்குப் பின்பக்கம் மரத்துப்போனது. பொறுத்துக்கொள்வதுதான் பணிவு என்று நினைத்து வாயே திறக்கவில்லை. மறுநாள் காலையில் தோசைத்திருப்பியைப் பிடித்தால் மணிக்கட்டு தொங்கியது. அது குணமாக மூன்று வாரம் ஆயிற்று. அதனால் பணிகிறவர் பக்கத்திலிருந்தே இதை எழுதுகிறேன்.

பேச்சை முந்தின நாளே முடித்துவிடுங்கள். எது சரி, எது வேண்டவே வேண்டாம், மூட்டுவலி, வீசிங், பிரஷர் மாத்திரை எல்லாம் அதில் வரவேண்டும். குடித்திருந்தால் அன்றைக்கு வேண்டாம். போதையில், என்னவென்று புரியாமல் தரும் சம்மதம் செல்லாது என்று நம் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதாவின் 28ஆம் பிரிவும் சொல்கிறது.

‘ஐயோ’, ‘வேணாம்’ எல்லாம் விளையாட்டிலேயே வரும். அதனால் நாங்கள் சிக்னல் விளக்கை எடுத்துக்கொண்டோம்: மஞ்சள் என்றால் மெதுவாக, சிவப்பு என்றால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். பேச முடியாத நேரத்தில் என் கையில் சாவிக்கொத்து இருக்கும். டைல்ஸில் விழுந்தால் அதுவும் சிவப்புதான்.

இனி கயிறு. மேல்கை எலும்பின் பின்னால் சுற்றி வெளிப்பக்கமாக இறங்கும் ரேடியல் நரம்புதான் அன்று எனக்கு நசுங்கியது. அந்த இடத்திலும், முழங்கை உள்பக்கத்திலும், முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கத்திலும் கயிறு அழுத்தக் கூடாது. கட்டுக்கும் தோலுக்கும் நடுவே இரண்டு விரல் நுழையவேண்டும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை மணிக்கட்டைப் பின்னால் மடக்கிப் பாருங்கள், கட்டைவிரலைத் தூக்கிப் பாருங்கள். மரத்தாலோ, சுருக்கென்று மின்சாரம் மாதிரி ஓடினாலோ, விரல் சொன்னபடி கேட்காவிட்டாலோ தளர்த்திப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், முழுதாக அவிழ்க்கச் சொல்லுங்கள். தசைவலி வேறு, இது வேறு.

பாண்டேஜ் வெட்டும் மழுங்கின முனைக் கத்தரிக்கோல் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கட்டும். சமையல் கத்தி ஆகாது. கட்டியிருப்பவரைத் தனியே விட்டுப் போகவே கூடாது. சிலிண்டர்காரர் பெல் அடித்தாலும் அவிழ்த்த பிறகுதான் கதவு. கழுத்தில் கயிறோ கையோ வேண்டாம். அதைப் பாதுகாப்பாகச் செய்ய வழியே இல்லை.

சென்னை வெயிலையும் கணக்கில் எடுங்கள். மே மாதம் கரண்ட் போனால் நாங்கள் அங்கேயே நிறுத்திவிடுவோம். வியர்வையில் நனைந்த பருத்திக் கயிற்றின் முடிச்சு அவிழாமல் படுத்தும். தலைசுற்றல் வேறு. மண்டிபோட ஜமக்காளத்தை நாலாக மடித்துக்கொள்ளுங்கள். நெடுநேரம் மண்டிபோட்டுவிட்டுச் சட்டென்று எழுந்தால் கண் இருட்டும். அவர் தோளைப் பிடித்து மெல்ல எழுவேன்.

முடிந்ததும் போர்வை, உப்புப் போட்ட மோர், அரைமணி நேரம் பக்கத்தில் அவர். எனக்கு மறுநாள்தான் மனசு காரணமில்லாமல் கனக்கும், சில சமயம் அவருக்கும். அதனால் மத்தியானம் ஆபீஸிலிருந்து போன் செய்து, “கட்டைவிரல் எப்படி இருக்கு?” என்றுதான் ஆரம்பிப்பார். மணிக்கட்டு தூக்க வராவிட்டால் அன்றே டாக்டரிடம் போங்கள். எங்கே, எவ்வளவு நேரம் அழுத்தியது என்று மறைக்காமல் சொல்லுங்கள்.