ஐரிஷ் எதிர்கால வினை எனக்குப் பிடிபட்ட விதம்

ஐரிஷ் மொழியின் எதிர்கால வினைகளை ஏட்டில் தயங்காமல் படித்த எனக்கு, 1972 முதல் இயங்கிவரும் ரேடியோ நா கேல்டாக்டா வானொலியின் கன்னமாரா வட்டாரப் பேச்சில் அவை காதில் சிக்கவேயில்லை. ஓரசை வினையடிகளோடு சேரும் விகுதி எழுத்தில் 'ஃப்' என்று தொடங்கினாலும், பேச்சில் பெரும்பாலும் 'ஹ்' ஆகத் தேய்ந்து, தனக்கு முன்னுள்ள மெய்யையும் மாற்றிவிடுகிறது. 'விட்டுச்செல்' என்னும் வினையின் இறுதியில் 'தங்கம்' என்பதிலுள்ள ககரம்போல ஒலிப்பது, எதிர்காலத்தில் 'பக்கம்' என்பதிலுள்ள ககரமாகி, 'ஃபாக்க மே' என்று கேட்கிறது. ஆகவே எழுத்தை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு வினையையும் 'மே' என்னும் தன்மைப் பெயரோடு சேர்த்தே கேட்டு, உரக்கச் சொல்லிப் பழகினேன். தெளிவு அங்கேதான் தொடங்கியது.

ஈரசை வினைகள் தொல்லை தரவில்லை. அவற்றின் நெடில் ஓகாரமே காலத்தைக் காட்டிவிடும். ஒழுங்கற்ற வினைகள் பதினொன்றே என்பதால் அவற்றை மனப்பாடம் செய்வதே நேர்வழி என்பேன். அவற்றுள் 'பெறு' என்னும் வினைக்கு மட்டும் உடன்பாட்டுக்கும் எதிர்மறைக்கும் வெவ்வேறு அடிகள் இருப்பதால் கூடுதல் கவனம் தேவை.

வாக்கிய அமைப்பில் எனக்கு மிகவும் உதவியது ஒரு வேறுபாடு: 'அவர் வந்தால்' என்று வருங்காலத்தைப் பற்றிச் சொல்லும்போது 'மா' என்னும் சொல்லுக்குப் பின் நிகழ்கால வினை வரும், 'அவர் வரும்போது' என்பதற்கு உரிய 'நூர்' என்னும் சொல்லுக்குப் பின்னரோ எதிர்கால வினையே வரும்.