‘அந்தக் காலம் மாதிரி வருமா?’ என்பவரிடம் எப்படிப் பேசுவது

பொங்கலுக்கோ காதுகுத்துக்கோ வீட்டில் நாலு பேர் கூடினால் போதும், பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் அங்கேதான் போய் நிற்கும். அந்தக் காலத்தில் பாலாற்றில் தண்ணீர் ஓடியது, சோறு மணத்தது, பெரியவர்களுக்கு மரியாதை இருந்தது, சர்க்கரை வியாதி என்றால் யாருக்கும் தெரியாது. சின்னவர்கள் செல்போனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டுவார்கள். இல்லையென்றால் ‘சும்மா இரு தாத்தா’ என்று மல்லுக்கு நிற்பார்கள். இரண்டும் வீண். தலையாட்டினால் நமக்கு ஒன்றும் தெரியாமல் போகும். மல்லுக்கு நின்றால் அவர் வாயை மூடிக்கொள்வார்.

நான் வேலூரை அடுத்த அணைக்கட்டுப் பக்கத்துக் கிராமங்களில் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வீடு வீடாகப் போய் பிறப்பு, இறப்பு, தடுப்பூசி, கர்ப்பிணிகள் கணக்கு எல்லாம் எழுத வேண்டும். பழைய கதை கேட்காமல் ஒரு திண்ணையைத் தாண்ட முடியாது. எந்தக் கேள்வியைப் போட்டால் பதில் வரும், எதைக் கேட்டால் ஆள் எழுந்து போய்விடுவார் என்பதை அந்த வேலைதான் கற்றுக்கொடுத்தது.

முதலில் வருஷத்தைப் பிடியுங்கள். ‘அந்தக் காலம்’ என்பதற்குத் தேதி கிடையாது. ஒரே மூச்சில் காமராஜர் ஆட்சியும் எம்ஜிஆர் ஆட்சியும் கலந்து வரும். எந்த வருஷம் என்று நேராகக் கேட்டால் ‘அதெல்லாம் யாருக்குத் தெரியும்’ என்பார்கள். அதனால் ஊரறிய நடந்ததை வைத்துக் கேளுங்கள். அண்ணா இறந்ததற்கு (1969) முன்னாலா, பின்னாலா? எம்ஜிஆர் சத்துணவு போட ஆரம்பித்தபோது (1982) உங்கள் பெரிய பையன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தானா? எம்ஜிஆர் இறந்தபோது (1987) வீட்டில் கரண்ட் இருந்ததா? திருவண்ணாமலையைத் தனி மாவட்டமாகப் பிரித்தபோது (1989) இந்த மெத்தை வீடு கட்டியாகிவிட்டதா? இவற்றில் எனக்குக் கைகொடுத்தது வேலூர்க் கோட்டைக் கோயில் கேள்வி. நெடுங்காலம் சாமி இல்லாமல் வெறுமனே கிடந்த கோயிலில் 1981-ல் ஜலகண்டேஸ்வரரைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள். அதைக் கேட்டால் யாரோடு பஸ் ஏறிப் போனாள், என்ன புடவை கட்டியிருந்தாள், இடுப்பில் எந்தப் பிள்ளை இருந்தது என்பது வரைக்கும் பாட்டிகள் சொல்லிவிடுவார்கள்.

வருஷம் கிடைத்ததும் மனசுக்குள் ஒரு கழித்தல் கணக்குப் போடுங்கள். அப்போது அவருக்கு என்ன வயசு? பெரும்பாலும் பத்துக்கும் முப்பதுக்கும் நடுவில் வரும். வயதானவர்களிடம் நினைவில் நிற்பதைச் சொல்லச் சொன்னால் அந்த வயசுச் சம்பவங்களே அதிகமாக வருகின்றன என்று உளவியல்காரர்கள் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். முதல் வேலை, கல்யாணம், முதல் பிள்ளை எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. முட்டியும் அப்போது வலிக்கவில்லை. சரி, இதை அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிடாதீர்கள். உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

அப்புறம், யாருக்கு நல்லா இருந்தது என்று கேட்க வேண்டும். இதைத் திண்ணையில் கேட்டால் ஒரு பதில், அடுப்படியில் கேட்டால் வேறு பதில். ஒடுகத்தூர்ப் பக்கம் ஒரு வீடு. தாத்தா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, “அப்போ இன்னா கொறை நர்ஸம்மா? மழை பேஞ்சுது, வெளைஞ்சுது, நோய் நொடி கெடையாது” என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆயா நடையில் முறத்தை வைத்துக்கொண்டு கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“ஆயா, நீங்க எத்தனை பெத்தீங்க?”

“எட்டு.”

“எத்தனை தங்குச்சு?”

“நாலு.”

கை நிற்கவில்லை. முறத்தை ஒரு தட்டு தட்டிவிட்டு அவளாகவே சொன்னாள். “ஒண்ணு அம்மையில போச்சு. ஒண்ணு பேதியில. ரெண்டு பொறந்தன்னிக்கே.” தாத்தா கட்டிலிலிருந்தபடியே, “அது எல்லா வூட்லயும் நடந்ததுதானே” என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. எல்லா வீட்டிலும் நடந்ததால் அது அவர் கணக்கில் நோயாகவே சேரவில்லை. 1971-ல் தமிழ்நாட்டில் உயிரோடு பிறந்த 1000 குழந்தைகளில் 110-க்கு மேல் ஒரு வயசைப் பார்க்காமல் இறந்தன. இன்று அது 15-க்கும் கீழே. இந்தியாவில் பெரியம்மை கடைசியாக வந்தது 1975-ல். அதனால் ‘நோயில்லாத காலம்’ என்று யாராவது சொன்னால் நீங்கள் எதிர்வாதம் எதுவும் பேச வேண்டாம், எத்தனை பெத்தீங்க, எத்தனை தங்குச்சு என்ற அந்த இரண்டு கேள்வி போதும். ஆனால் சாயங்கால நேரத்தில் கேட்காதீர்கள். பக்கத்தில் மருமகள் இருக்கும்போதும் கேட்காதீர்கள். பாதி சொல்லி நிறுத்தினால் மீதியைத் தோண்ட வேண்டாம்.

இன்றைக்கு ஊர் உலகமெல்லாம் வந்து போகிற வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரி எப்படி வந்தது என்பதும் இதே கதைதான். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்தார்கள். ஆண் டாக்டர் பார்க்கக் கூடாது என்று வீட்டுக்காரர்கள் சொல்லிவிட்டார்கள், பெண் டாக்டர் கிடையாது. அதைப் பார்த்த ஐடா ஸ்கடர் என்ற பெண் அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்துத் திரும்பி வந்து 1900-ல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு ஆரம்பித்தார். அந்த மூன்று பெண்களிடம் ‘அந்தக் காலம்’ எப்படி இருந்தது என்று யாரும் கேட்க முடியாது. பழங்காலத்தைப் புகழ நமக்குக் கிடைப்பவர்கள் எல்லாரும் அதைத் தாண்டி வந்தவர்கள்தான்.

பொருட்களுக்கும் இது பொருந்தும். ‘அந்தக் காலத்துச் சாமான் கெட்டி’ என்று தேக்குப் பீரோவைத் தட்டிக் காட்டுவார்கள். உளுத்துப் போனதை எல்லாம் அடுப்பில் வைத்தாயிற்றே.

மரியாதைப் பேச்சு வந்தால் யார் யாருக்குக் கொடுத்த மரியாதை என்று கேளுங்கள். ஊர்த் தெருவில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தவர் இன்றும் காலனியில் இருப்பார். டீக்கடையில் தனி டம்ளரில் குடித்தவர் இருப்பார். அவர் வீட்டுத் திண்ணையிலும் போய் உட்காருங்கள். நான் போன காலனி வீடுகளில் ‘அந்தக் காலம் மாதிரி வருமா’ என்ற பேச்சு வரவே வராது என்று சொல்ல மாட்டேன், வரும். ஆனால் அங்கே அது கேழ்வரகுக் களியையும் கூத்தையும் பற்றி வரும், மரியாதையைப் பற்றி வராது.

விலைவாசிதான் எல்லாருக்கும் பிடித்த இடம். ‘பவுன் நூத்தம்பது ரூபா’ என்பார்கள். உண்மைதான், 1970 வாக்கில் ஏறக்குறைய அந்த விலைதான். ஆனால் விலையை விலையோடு ஒப்பிடாதீர்கள், கூலியால் வகுங்கள். அன்றைக்கு ஒரு நாள் கூலி என்ன என்று கேளுங்கள். எங்கள் அத்தை நடவுக்குப் போனவர். பெண்ணாளுக்கு ஒன்றரை ரூபாய், ஆணாளுக்கு மூன்று ரூபாய் என்பார். கடையில் அரிசி கிலோ ஒன்றேகால் ரூபாய். அப்படியென்றால் நாள் முழுக்கக் குனிந்து நட்டால் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே அரிசி வாங்கலாம். இன்று நடவுக்கு நானூறு கொடுக்கிறார்கள், அரிசி ஐம்பது, அறுபது. ஏழெட்டுக் கிலோ வருகிறது, ரேஷன் அரிசி தனி. பவுனுக்கும் இதே கணக்கைப் போடுங்கள். ஆணாளுக்கு அன்று ஐம்பது நாள் கூலி ஒரு பவுன். இன்றைய விலைக்கு, எழுநூறு ரூபாய் கூலி வாங்கினாலும் நூறு நாளைத் தாண்டிவிடுகிறது. ஆக, சோறு மலிந்தது, பவுன் ஏறியது. பெண்ணுக்கு நகை போட முடியவில்லையே என்று புலம்புகிறவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அதை ஒத்துக்கொள்ளுங்கள். இப்படிப் பிரித்துக் கணக்குப் பார்த்தால் கோபமில்லாமல் பேசலாம், சில சமயம் அவரே பென்சில் கேட்பார்.

அரிசி அவ்வளவு தாராளமாகக் கிடைத்திருந்தால் 1967 தேர்தலில் ‘ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்’ என்று சொல்லி ஓட்டுக் கேட்டிருக்க முடியுமா? அதையும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். வரிசையில் நின்றதும் மக்காச்சோளம் தின்றதும் அப்புறம்தான் நினைவுக்கு வரும். நம்ம வட ஆற்காட்டு நெல் கிராமங்களையே 1973-74-ல் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். பத்து வருஷம் கழித்து இங்கே மறுபடியும் கணக்கெடுப்பு நடந்தது. நிலமில்லாத கூலிக் குடும்பங்களின் வருமானம், விலை உயர்வைக் கழித்த பிறகும் இரண்டு மடங்குக்கு மேல் ஆகியிருந்தது. சாப்பாடும் கூடியிருந்தது. அந்தக் கூலிக் குடும்பத்துப் பிள்ளைகள்தான் இன்று தாத்தாக்களாக உட்கார்ந்து ‘அந்தக் காலத்துச் சோறு’ பேசுகிறார்கள். பசித்துச் சாப்பிட்ட சோறு மணக்காமல் என்ன செய்யும்?

கஷ்டம் ஏன் மறந்துபோகிறது என்று யாராவது கேட்டால் நான் பிரசவ அறையைத்தான் சொல்வேன். இனிமேல் புருஷன் மூஞ்சியிலேயே முழிக்க மாட்டேன் என்று கத்தியவள், அடுத்த பிள்ளைக்கு அட்டை போட என்னிடமே சிரித்துக்கொண்டு வருவாள். கெட்ட நினைவில் இருக்கும் வலி சீக்கிரம் வடிகிறது, நல்ல நினைவின் இனிப்பு அவ்வளவு சீக்கிரம் போவதில்லை. கலிபோர்னியாவில் மூன்று வாரம் சைக்கிளில் சுற்றியவர்களை வைத்து 1997-ல் வெளியான ஓர் ஆய்வும் இதைத்தான் காட்டியது. வழியில் மழை, களைப்பு என்று சலித்துக்கொண்டவர்கள், ஊர் திரும்பிய பிறகு அருமையான பயணம் என்றார்கள்.

மனுஷத்தன்மை செத்துப்போச்சு என்ற புகாருக்கும் ஒரு மருந்து இருக்கிறது. ஆடம் மாஸ்ட்ரோயானி, டேனியல் கில்பர்ட் என்ற இருவர் 2023-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். 1949 முதல் எடுத்த கருத்துக்கணிப்புகளைப் புரட்டினார்கள், குறைந்தது 60 நாடுகள். எந்த வருஷம் கேட்டாலும் ஜனங்கள் ‘முன்பு நல்லவர்களாக இருந்தார்கள், இப்போது இல்லை’ என்றே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் ‘நேற்று உங்களை மரியாதையாக நடத்தினார்களா’ என்பது மாதிரிக் கேட்டால் பதில் வருஷா வருஷம் பெரிதாக மாறவே இல்லை. இன்னொன்றுதான் வேடிக்கை, சீரழிவு ஆரம்பித்தது தாங்கள் பிறந்த பிறகுதான் என்று நினைக்கிறார்கள். ஆகவே ‘யாரும் யாருக்கும் உதவறதில்ல’ என்பவரிடம் உலகத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். போன வாரம் உங்களை ஆஸ்பத்திரிக்கு வண்டியில் கூட்டிப்போனது யார் என்று கேளுங்கள்.

இவ்வளவும் கற்றுக்கொண்டு எல்லாவற்றையும் பிரமை என்று தள்ளிவிட்டால் அது இன்னும் பெரிய அநியாயம். பாலாற்றைப் பற்றிச் சொன்னால் உட்கார்ந்து கேளுங்கள், நோட்டில் எழுதுங்கள். ஆற்று மணலில் கையால் பறித்தால் தண்ணீர் ஊறியது உண்மை. ஊற்றுக்கால் வெட்டி ஏரிக்குக் கொண்டுபோனது உண்மை. மாடு கட்டிக் கவலையால் தண்ணீர் இறைத்த கிணறுகளின் ஆழத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு, அதே நிலத்தில் இப்போது போர் எத்தனை அடி என்றும் கேட்டு எழுதுங்கள். நாற்பது அடியும் எண்ணூறு அடியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைக் கழிவு ஆற்றையும் கிணறுகளையும் கெடுத்ததற்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பே இருக்கிறது, 1996 ஆகஸ்டில். வேலூர்க்காரர்கள் போட்ட வழக்கு. மணல் போனதைக் கண்ணால் பார்த்தோம். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியபோது ஊரே பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தது. கெட்டுப்போனதற்குக் காரணமும் பொறுப்பாளியும் உண்டென்றால் அதற்குப் பெயர் ஏக்கம் இல்லை, புகார். அதை ‘பழைய பேச்சு’ என்று ஒதுக்குவது, கெடுத்தவர்களுக்குத்தான் சௌகரியம்.

சர்க்கரை வியாதி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அன்று பரிசோதனை கிடையாது, அது வரும் வயசுவரை பலர் இருக்கவும் இல்லை. அதே நேரம் உடல் உழைப்பும் கேழ்வரகும் குறைந்து, வெள்ளை அரிசி மூன்று வேளையும் வந்ததும் நிஜம். இங்கே இருவரும் பாதிப் பாதி ஜெயிக்கலாம்.

கேட்டுக்கொண்டே போகும்போது சிலரிடம் இந்தக் கேள்விகள் எதுவும் வேலை செய்யாது. அரிசி விலையையும் ஒப்புக்கொள்வார், அம்மையையும் ஒப்புக்கொள்வார், திரும்பவும் ‘இருந்தாலும் அப்போ நல்லாத்தான் இருந்துச்சு’ என்பார். அவர் சொல்வது வீடு நிறைய ஆள் இருந்ததைத்தான். மூத்தவன் ஓசூரில், இளையவன் பெங்களூரில், காட்பாடியில் ரயில் ஏற்றிவிட்டு வருவதே வேலையாகிவிட்டது. அதற்குப் புள்ளிவிவரம் சொல்லாதீர்கள். ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் போகிறேன் என்று சொல்லுங்கள்.

இந்த முறையை நாற்பது வயசுக்காரர்கள் மேலும் தைரியமாகப் பயன்படுத்தலாம், அவர்கள் இப்போதே ஆரம்பித்துவிட்டார்கள். என் மகள் போன வாரம், செல்போன் இல்லாத தொண்ணூறுகள்தான் சொர்க்கம், சாயங்காலமெல்லாம் தெருவில் விளையாட்டு, வீட்டில் ஒரு டென்ஷன் கிடையாது என்றாள். வருஷம் கேட்டேன், 1998 என்றாள். வயசு பன்னிரண்டு. அந்த வருஷம் ராத்திரி ரெண்டு மணிக்குத் தெருக்குழாயில் குடம் வைத்துக் காத்திருந்தது யார் என்று கேட்டேன். யோசித்துவிட்டு, “நீதாம்மா” என்றாள்.