ஹைபிரிட் எஸ்யூவியின் உண்மையான மைலேஜ்: சரியாக அளப்பது எப்படி, கூட்டுவது எப்படி

மாருதி கிராண்ட் விட்டாராவோ டொயோட்டா ஹைரைடரோ, ஸ்ட்ராங் ஹைபிரிட் (பெட்ரோல் எஞ்சினோடு மின் மோட்டாராலும் ஓடும்) மாடல் எடுத்தவர்கள் முதல் மாதத்திலேயே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. லிட்டருக்கு 27.97 கி.மீ. என்று சொன்னார்களே, எனக்கு 21தானே வருகிறது, வண்டியில் கோளாறா? பெரும்பாலும் கோளாறு எதுவும் இருக்காது. ஆனால் அந்த 21 என்ற கணக்கே சரிதானா என்று முதலில் பார்க்க வேண்டும். பலருக்கு அளக்கும் விதத்திலேயே இரண்டு மூன்று கி.மீ. முன்னே பின்னே போய்விடுகிறது.

27.97 என்பது வண்டிகளைச் சோதித்துச் சான்று தரும் ஏஆர்ஏஐ அமைப்பின் சோதனையில் வந்த எண். அந்தச் சோதனையில் வண்டி ரோட்டில் ஓடுவதில்லை, கூடத்துக்குள் உருளைகள் மேல் ஓடும். சுமார் 20 நிமிடம், சராசரி வேகம் மணிக்கு 32 கி.மீ. போல, உச்ச வேகம் 90, ஏசி அணைத்திருக்கும். எல்லா கம்பெனி கார்களுக்கும் இதே அளவுகோல்தான், அதனால் ஒரு காரை இன்னொரு காரோடு ஒப்பிட அந்த எண் உதவும். மே மாத மத்தியானத்தில் நாலு பேரோடும் ஏசியோடும் ஓஎம்ஆரில் ஊர்ந்து போகிற உங்கள் வண்டிக்கு அது இலக்கு ஆகாது. நான் பார்த்தவரை, சென்னை மாதிரி ஊருக்குள் ஏசி போட்டு நிதானமாக ஓட்டினால் 21 முதல் 25 வரை வருகிறது, நெடுஞ்சாலையில் 100க்கு மேல் பிடித்தால் 17 முதல் 20. ஊருக்குள் அதிகம், நெடுஞ்சாலையில் குறைவு. சாதாரண பெட்ரோல் காருக்கு நேர் எதிர் இது, காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

முதலில் அளப்பது. டிஸ்பிளேயில் தெரியும் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம், அது பெரும்பாலும் கொஞ்சம் கூட்டியே காட்டும். டேங்க் ஃபுல் செய்து, ட்ரிப் மீட்டரை சைபர் ஆக்கி, ஓட்டி முடித்து மறுபடி ஃபுல் செய்யும்போது எத்தனை லிட்டர் பிடித்தது என்று பார்க்கும் பழைய முறைதான் நம்பகமானது, ஆனால் அதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும். ஒரே பங்க், முடிந்தால் அதே பம்ப், வண்டி அதே பக்கம் பார்த்து நிற்கட்டும். தரை சாய்வாக இருந்தால் டேங்க் நிரம்பும் அளவே மாறும். டேங்க் நிரம்பியதும் பம்ப் தானாக நிற்கும், அந்த முதல் ஆட்டோ கட்டோடு நிறுத்திவிடுங்கள். பங்க்கில் நிற்பவர் பழக்கத்தில் "ரவுண்ட் பண்ணிடவா சார்" என்று இன்னும் கொஞ்சம் விடுவார், அந்த இடத்தில்தான் கணக்கு கெடுகிறது. முன்கூட்டியே "ஆட்டோ கட் போதும்ணே" என்று சொல்லிவிடுங்கள். அளவில் சந்தேகம் இருந்தால் அரசு முத்திரை போட்ட 5 லிட்டர் அளவுக் கலன் ஒவ்வொரு பங்க்கிலும் இருக்க வேண்டும், கேட்டு அளந்து பார்க்கலாம், அது வாடிக்கையாளரின் உரிமை.

இன்னொன்று, 10 லிட்டர் போட்டு மைலேஜ் பார்ப்பதில் அர்த்தமே இல்லை. ஆட்டோ கட் அரை லிட்டர் முன்னே பின்னே விழுவது சகஜம். 10 லிட்டரில் அரை லிட்டர் என்றால் 5 சதவீதம், அதாவது 22 வர வேண்டியது 21 என்றோ 23 என்றோ தெரியும். 45 லிட்டர் டேங்கில் 35 லிட்டர் காலியான பிறகு நிரப்பினால் அதே பிழை ஒன்றரை சதவீதத்துக்கு இறங்கிவிடும். அப்படி ஐந்தாறு ஃபுல் டேங்க் தொடர்ந்து எழுதி வையுங்கள். அந்தக் கணக்கை டிஸ்பிளே காட்டியதோடு ஒப்பிட்டால் உங்கள் வண்டி எவ்வளவு கூட்டிச் சொல்கிறது என்று தெரிந்துவிடும், அப்புறம் டிஸ்பிளேயைப் பார்த்தே கழித்துக்கொள்ளலாம். டயர் சைஸ் மாற்றியிருந்தால் கிலோமீட்டர் மீட்டரே தப்பாக ஓடும். ஒரு நீண்ட பயணத்தில் போன் மேப்போடு சரிபாருங்கள்.

சராசரி போடும்போது நிறைய பேர் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. ஊருக்குள் 100 கி.மீ. ஓட்டி 25 வந்தது, ஹைவேயில் 100 கி.மீ. வேகமாக ஓட்டி 15 வந்தது என்றால் சராசரி 20 இல்லை. முதல் நூறுக்கு 4 லிட்டர், இரண்டாவதுக்கு 6.67 லிட்டர், மொத்தம் 10.67. இருநூறை அதால் வகுத்தால் 18.75தான் வரும். மைலேஜ் எண்களைக் கூட்டி வகுக்கவே கூடாது, கிலோமீட்டரையும் லிட்டரையும் தனித்தனியாகக் கூட்டி அப்புறம் வகுக்க வேண்டும்.

சரி, ஊருக்குள் ஏன் நன்றாகத் தருகிறது? ஹைபிரிட் மிச்சம் பிடிப்பது பிரேக்கில். சாதாரண கார் சிக்னலில் நிற்கும்போது, பெட்ரோல் செலவழித்துச் சேர்த்த வேகத்தை எல்லாம் பிரேக் பேடில் சூடாக்கிக் கரைத்துவிடுகிறது. இந்த வண்டியில் மோட்டார் ஜெனரேட்டராக மாறி அதில் ஒரு பங்கை பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது, மறுபடி கிளம்பும்போது அந்தக் கரண்டிலேயே வண்டி நகர்கிறது, சிக்னலில் நிற்கும் நேரம் முழுக்க எஞ்சின் பெரும்பாலும் அணைந்திருக்கிறது. பேட்டரி சின்னது, 0.76 கிலோவாட் மணி மட்டுமே. அதைச் சார்ஜ் போட்டு ஓட்டும் எலெக்ட்ரிக் கார் பேட்டரி மாதிரி நினைக்கக் கூடாது. வந்ததை உடனே செலவழித்து, செலவழித்ததை உடனே நிரப்பிக்கொண்டே இருப்பதுதான் அதன் வேலை. ஹைவேயில் ஒரே வேகத்தில் போனால் பிரேக்கே இல்லை, திரும்பி வர எதுவும் இல்லை. அங்கே இந்த வண்டி ஓரளவு சிக்கனமான 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் கார், அவ்வளவுதான்.

இது புரிந்துவிட்டால் ஓட்டும் முறை தானாக வரும். ஊருக்குள் செய்ய வேண்டியதில் முக்கியமானது, தூரத்தில் சிவப்பு விளக்கைப் பார்த்ததும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, சீக்கிரமே, மெதுவாக, நீளமாக பிரேக்கை அழுத்துவது. டிஸ்பிளேயில் சார்ஜ் என்று ஒரு பகுதி இருக்கும், முள் அதன் எல்லைக்குள் இருக்கும்வரை மோட்டார்தான் வண்டியை நிறுத்துகிறது. முள் எல்லையைத் தொட்டுவிட்டால் மீதி எல்லாம் சாதாரண பிரேக்கில் சூடாகப் போகிறது. கத்திப்பாராவில் கடைசி நிமிடத்தில் பாய்ந்து பிரேக் அடிப்பவருக்கும் பத்து கார் நீளம் முன்பே காலை எடுப்பவருக்கும் ஒரே வண்டியில் மூன்று நான்கு கி.மீ. வித்தியாசம் வருகிறது. வேறு எந்த வித்தையும் இந்த அளவு தராது.

கிளம்பும்போது பலர் ரொம்ப மெதுவாக, எஞ்சினே ஸ்டார்ட் ஆகாதபடி ஊர்ந்து போகிறார்கள். அது மிச்சம் இல்லை. பேட்டரி காலியாகும், பிறகு எஞ்சின் ஓடி அதை நிரப்ப வேண்டும், நிரப்புவதிலும் எடுப்பதிலும் இரண்டு முறை நஷ்டம். பின்னால் வருபவர் ஹார்ன் அடிப்பது வேறு. நிதானமாக, முள் ஈகோ பகுதிக்குள் இருக்கும்படி சீராக வேகம் எடுங்கள், எஞ்சின் வந்தால் வரட்டும். 50, 55 தொட்டதும் காலை லேசாக எடுத்துவிட்டு மறுபடி மிருதுவாக வைத்தால் எஞ்சின் அணைந்து வண்டி மோட்டாரில் போகும். சமதளத்தில் இதைச் செய்து பழகுங்கள், ஒரு வாரத்தில் கால் தானாகவே செய்யும். பேட்டரியில் மட்டும் ஓடவைக்கும் ஈவி பட்டனைத் தட்டினால் மைலேஜ் கூடும் என்பதும் இதே மாதிரி தவறான நம்பிக்கை. பார்க்கிங்கில் சத்தமில்லாமல் வண்டியை நகர்த்த அது உதவும், பெட்ரோல் மிச்சத்துக்கு அல்ல. நியூட்ரலில் போட்டு உருட்டுவதை மறந்தே விடுங்கள், நியூட்ரலில் பேட்டரி சார்ஜே ஏறாது.

ஏசி விஷயத்தில் ஒன்று கவனிக்க வேண்டும். இந்த வண்டியில் கம்ப்ரசர் கரண்டில் ஓடுகிறது, அதனால் எஞ்சின் அணைந்தாலும் குளிர் நிற்காது. ஆனால் அந்தக் கரண்ட் பெட்ரோலிலிருந்துதான் வர வேண்டும். ஏசி எடுப்பது மணிக் கணக்கு, கிலோமீட்டர் கணக்கு இல்லை. ஒன்றரை கிலோவாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 80ல் போகும்போது ஒரு மணி நேரச் செலவு 80 கிலோமீட்டருக்குப் பகிர்ந்துபோகும், பெரிதாகத் தெரியாது. ஜிஎஸ்டி ரோட்டில் ஒரு மணி நேரத்தில் பத்து கி.மீ. நகர்ந்தால் அதே செலவு பத்தே கிலோமீட்டர் தலையில் விழும், அந்த மைலேஜ் கேவலமாகத்தான் தெரியும், வண்டி மேல் தப்பில்லை. ஏசி இல்லாமல் வெந்து போகச் சொல்லவில்லை. வெயிலில் நின்ற வண்டியை எடுத்தால் இரண்டு நிமிடம் கண்ணாடியை இறக்கிச் சூட்டை வெளியே விட்டுவிட்டு, பிறகு ஏசி போட்டு உள்காற்றுச் சுழற்சியில் வையுங்கள், 25 டிகிரியில் விடுங்கள். யாருக்காகவோ காத்திருக்கும்போது அரை மணி நேரம் ஏசியோடு நிற்பதைத் தவிருங்கள். எஞ்சின் இடையிடையே எழுந்து பேட்டரியை நிரப்பிக்கொண்டே இருக்கும், கிலோமீட்டர் ஒன்றுகூட ஏறாது.

ஹைவேக்கு ஒரே மந்திரம் வேகம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது, 80லிருந்து 100க்குப் போனால் 56 சதவீதம் அதிகம், 120க்குப் போனால் இரண்டேகால் மடங்கு. எஸ்யூவி உயரமான, அகலமான உருவம், செடானைவிட இதில் அடி பலமாக விழும். செங்கல்பட்டிலிருந்து திருச்சி சுமார் 270 கி.மீ., 100க்கு பதில் 90ல் போனால் கணக்குப்படி 18 நிமிடம்தான் கூடுதல். அந்த 18 நிமிடத்துக்கு லிட்டருக்கு இரண்டு கி.மீ. போல கிடைக்கும். மேலே கேரியர் மாட்டியிருந்தால் தேவையில்லாத நாட்களில் கழற்றி வையுங்கள்.

மலைப்பாதை தனிக் கதை. ஏற்காடு ஏறும்போது மைலேஜ் 10, 12 என்று விழும், பயப்பட வேண்டாம். இறங்கும்போது பெட்ரோலே தேவைப்படாது என்பதும் உண்மை, ஆனால் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒன்றரை டன் வண்டி ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு ஏறக்குறைய 1,200 மீட்டர் இறங்குகிறது, அதில் வெளிப்படும் சக்தி கிட்டத்தட்ட 5 கிலோவாட் மணி. பேட்டரி பிடிப்பது 0.76, அதிலும் வண்டி ஒரு பகுதியைத்தான் பயன்படுத்தவிடும். பாதி வளைவுகள் வருவதற்குள் நிரம்பிவிடும். அதற்குப் பிறகு எஞ்சின் சத்தம் போட்டுச் சுற்றி வண்டியைப் பிடித்து நிறுத்தும், பெட்ரோல் குடிக்காமல். அந்த நேரத்தில் கியர் லிவரை பி மோடில் (எஞ்சினாலேயே வேகத்தைக் குறைக்கும் நிலை) போடுங்கள். மைலேஜுக்காக அல்ல, பிரேக் சூடாகிப் போகாமல் இருக்க. சமதளத்தில் பி மோடு தேவையில்லை.

டயர் காற்றை மாதம் இருமுறை, காலையில் வண்டி ஓடுவதற்கு முன் பாருங்கள், டிரைவர் கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் அளவே போதும். ஒன்றிரண்டு கிலோமீட்டர் குட்டி ஓட்டங்களை முடிந்தால் சேர்த்து ஒரே ஓட்டமாக்குங்கள். எஞ்சின் சூடாகும்வரை ஹைபிரிட் வேலையே முழுதாகத் தொடங்குவதில்லை, பால் வாங்கப் போய் வந்தால் 12 காட்டுவது இதனால்தான். இப்போது கிடைக்கும் இ20 பெட்ரோலையும் கணக்கில் வையுங்கள். எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு, ஆக 20 சதவீதக் கலவையில் சுத்தமான பெட்ரோலைவிட ஆறேழு சதவீதம் குறைவாகத்தான் இருக்கும். நண்பர் 2022ல் எடுத்த மைலேஜை இன்று உங்களோடு ஒப்பிட்டு மனம் நோக வேண்டாம்.

இன்னும் வாங்காதவர்களுக்கு ஒரு கணக்கு. வருடம் 15,000 கி.மீ., பெரும்பாலும் ஊருக்குள். சாதாரண பெட்ரோல் எஸ்யூவி 14 தந்தால் 1,071 லிட்டர், ஹைபிரிட் 22 தந்தால் 682 லிட்டர். மிச்சம் 389 லிட்டர், லிட்டர் 100 ரூபாய் என்றால் வருடத்துக்கு 39,000 போல. ஷோரூமில் இரண்டு மாடலுக்கும் ஆன்ரோடு விலை வித்தியாசத்தை வாங்கி இதால் வகுத்துப் பாருங்கள், எத்தனை வருடம் என்று தெரியும். வருடத்துக்கு 6,000 கி.மீ.தான் ஓட்டுகிறீர்கள், அதுவும் ஹைவேயில்தான் என்றால் எனக்கு இதைப் பரிந்துரைக்க மனம் வராது.

கடைசியாக, நன்றாக வந்துகொண்டிருந்த மைலேஜ் திடீரென்று இரண்டு மூன்று குறைந்தால் என்ன செய்வது? ஒரே டேங்கை வைத்து முடிவுக்கு வராதீர்கள், அடுத்ததையும் பாருங்கள். அதிலும் குறைவு என்றால் டயர் காற்று, புது டயர் போட்டீர்களா, பாதை மாறியதா என்று வரிசையாகப் பார்க்கவும். பிறகு பத்து இருபது கி.மீ. ஓட்டி நிறுத்தி நான்கு சக்கரத்தின் பக்கத்திலும் தொடாமல் கையைக் காட்டிப் பாருங்கள், ஒன்று மட்டும் அதிகம் தகித்தால் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது. அப்புறம் ஹைபிரிட் பேட்டரிக்குக் குளிர்காற்று போகும் துவாரம், எங்கே என்று கையேட்டில் படம் இருக்கும். அதன் மேல் துணிமணி, பை எதுவும் வைத்து அடைத்திருக்கக் கூடாது, அங்கே தூசி சேர்ந்திருந்தால் சர்வீஸில் சொல்லிச் சுத்தம் செய்யுங்கள். எல்லாம் சரியாக இருந்தும் எண் ஏறவில்லை என்றால் உங்கள் ஃபுல் டேங்க் குறிப்புகளோடு சர்வீஸ் சென்டர் போங்கள். வெறும் வாயால் "மைலேஜ் குறையுது" என்றால் ஓட்டும் முறை என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள், ஆறு மாதக் கணக்கைத் தாளில் நீட்டினால் வண்டியில் ஸ்கேனர் போட்டுப் பார்ப்பார்கள். பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கி.மீ. வாரண்டி இருக்கிறது, அதற்கும் அந்தக் குறிப்புகள் பயன்படும்.