பன்றிக் காவலுக்குப் போகும் ரைபிளுக்கு உதிரிப்பாகப் பை கட்டுவது எப்படி?

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நிலக்கடலை போட்டவர்களுக்குக் காட்டுப்பன்றியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டில் வேட்டையாடக் கூடாது. ஆனால் பயிரை அழிக்கும் பன்றியைச் சுட, 2022 முதல் கேரளாவில் உள்ளாட்சித் தலைவரே உத்தரவு தரலாம். லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அந்த உத்தரவின்பேரில் போகிறோம். இந்த வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என்னிடம் இருப்பது இஷாப்பூர் தொழிற்சாலையின் 315 போல்ட் ரைபிள். குழலின் பின்வாயை மூடித் திறக்க, கையால் இழுக்கும் தாழ்தான் போல்ட். இரட்டைக்குழல் 12 போர் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் காகிதம்

லைசென்ஸ், பஞ்சாயத்து உத்தரவு, உதிரிப்பாகம் வாங்கிய பில் மூன்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பையின் மேல் அறையில் வையுங்கள். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் ஆயுதம் என்றால் அதன் பாகங்களும் சேர்த்திதான். ஆகவே தெரிந்தவர் கொடுத்தார், பழைய துப்பாக்கியில் கழற்றியது என்று எதையும் வாங்காதீர்கள். லைசென்ஸ் உள்ள கடையில் மட்டும் வாங்குங்கள். உங்கள் லைசென்ஸ் எந்தப் பகுதிவரை செல்லும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நமக்கு வேலந்தாவளம் தாண்டினால் தமிழ்நாடு. வரப்பு ஒன்றுதான், ஆனால் சட்டத்துக்கு அது எல்லை.

பிறகு வீட்டு மேசை

துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் இரண்டு முறை பார்த்துவிட்டு, பகல் வெளிச்சத்தில் உட்காருங்கள். எந்தத் திருகாணி தளர்கிறது, எந்த ஸ்பிரிங் சோர்ந்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடிக்கடி தொல்லை தருவது எதுவோ அதுதான் பைக்குள் போக வேண்டும்.

என் ரைபிளில் தொல்லை தந்தது எண்ணெய். இங்கே பலரைப் போல நானும் தேங்காய் எண்ணெய்தான் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு மார்கழி இரவு, பன்றி இருபதடி தூரத்தில் நிற்கிறது. விசையை இழுத்தால் ‘டொக்’ என்று ஒரு சோம்பல் சத்தம், அவ்வளவுதான். போல்ட்டுக்குள் எண்ணெய் வெண்ணெய் மாதிரி உறைந்து, தோட்டாவைத் தட்டும் ஊசியின் வேகத்தையே பிடித்துவிட்டது. அன்றிலிருந்து துப்பாக்கிக்கான மெல்லிய எண்ணெய் மட்டும், அதுவும் ஒரு சொட்டு.

பைக்குள் என்ன?

அறைகள் உள்ள மாத்திரை டப்பா ஒன்று வாங்குங்கள். ஓர் அறையில் எக்ஸ்ட்ராக்டர் (சுட்ட கூட்டை வெளியே இழுக்கும் கொக்கி) ஸ்பிரிங்கும் அதன் திருகாணியும், அடுத்ததில் துப்பாக்கியின் மரக்கட்டையைப் பிடிக்கும் திருகாணிகள். எதிலும் ஒன்றுக்கு இரண்டு. திருகாணியின் பள்ளத்தில் ஆடாமல் உட்காரும் திருப்புளி வேண்டும். சைக்கிள் கடைத் திருப்புளி பள்ளத்தை மழித்துவிடும். அப்புறம், துண்டு துண்டாக இணைக்கும் கிளீனிங் ராடு, 8 மில்லிமீட்டர் பித்தளை பிரஷ், சதுரமாக வெட்டிய பழைய பருத்தித் துணி, சின்னக் குப்பியில் எண்ணெய், இரண்டு டார்ச். ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு திருகாணி மாட்ட முடியாது. அதனால் இரண்டாவது தலையில் கட்டுவதாக இருக்கட்டும்.

கடைசியாக ஒரு வெள்ளைத் துண்டு. இதை யாரும் சொல்வதில்லை. கடலைக் கொடிக்குள் விழுந்த ஸ்பிரிங்கை விடியும்வரை தேடியிருக்கிறேன், கிடைக்கவில்லை. துண்டை மடியில் விரித்து, அதன்மேல் வைத்துத்தான் எதையும் கழற்ற வேண்டும்.

ஊசியும் போல்ட்டும் பைக்குள் வேண்டாம். ஊசி கொஞ்சம் நீண்டிருந்தாலும் தோட்டாவின் அடியில் உள்ள கேப்பைத் துளைத்து, சூடான வாயு முகத்தை நோக்கி வரும். போல்ட் அந்தந்தக் குழலுக்கு அளந்து பொருத்தியது. பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் பக்கத்து வீட்டு ரைபிளின் போல்ட் உங்களுடையதற்கு ஆகாது. இவை கெட்டால் வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள். லைசென்ஸ் உள்ள ரிப்பேர்காரர் பார்க்க வேண்டிய வேலை அது.

வயலில்

விசை இழுத்தும் வெடிக்கவில்லையா? குழலை ஆளில்லாத பக்கம், மண்ணை நோக்கிப் பிடித்தபடி ஒரு நிமிடம் பொறுங்கள். தாமதித்து வெடிப்பதும் உண்டு. பிறகுதான் போல்ட்டைத் திறக்க வேண்டும். வெடித்த சத்தம் வழக்கத்தைவிடச் சோர்வாகக் கேட்டால் குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம்; அடுத்த தோட்டாவைச் சுடவே கூடாது. சுட்ட தோட்டாவின் காலிக் கூடு சிக்கிக்கொண்டால், அது காலிதான் என்று உறுதியான பிறகு ராடை முன்பக்கத்திலிருந்து விட்டு மெதுவாகத் தள்ளுங்கள். தோட்டா வெடிக்காமல் சிக்கியிருந்தால் ராடைத் தொடாதீர்கள்.

தோட்டா ஏறாமல் முட்டினால் உடனே திருப்புளியை எடுக்க வேண்டாம். 315 தோட்டாவுக்கு அடியில் விளிம்பு உண்டு. மேலே உள்ள தோட்டாவின் விளிம்பு, கீழே உள்ளதன் விளிம்புக்கு முன்னால் இருக்கும்படி மேகசினில் (ரைபிளின் தோட்டாப் பெட்டியில்) அடுக்கினால் பாதிச் சிக்கல் தீரும்.

வீடு திரும்பியதும், தூக்கம் எவ்வளவு வந்தாலும் சரி, ஈரத் துண்டைக் கொடியில் போட்டுவிட்டு டப்பாவைத் திறந்து பாருங்கள். காலியான அறையில் ஒரு சீட்டில் பாகத்தின் பெயரை எழுதிப் போட்டுவையுங்கள். கடைக்குப் போகும்போது அந்தச் சீட்டையே எடுத்துப் போகலாம்.