மலை தெரிகிற ஊரும் மலைக்குப் போக முடிகிற ஊரும்: குடிபெயரும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையிலோ பெங்களூரிலோ பதினைந்து இருபது ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, இனி நடை, சைக்கிள், மலையேற்றம், பறவை பார்த்தல் என்று வாழ்வதற்கு ஏற்ற சிறிய ஊர் ஒன்றைத் தேடுகிறவர்கள் என்னிடம் அடிக்கடி யோசனை கேட்கிறார்கள். நானும் அப்படித் தென்காசிக்குக் குடிவந்தவன் என்பதே காரணம். அவர்களுடைய பட்டியலில் தென்காசி, தேனி, கோத்தகிரி, கொடைக்கானல், ஏற்காடு, வால்பாறை என்று வெவ்வேறு ஊர்கள் இருந்தாலும், தேர்ந்தெடுக்கும் முறையில் நேர்கிற தவறுகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன.

அவற்றுள் பெரியது, மலை தெரிகிற ஊரை மலைக்குப் போக முடிகிற ஊர் என்று எண்ணிவிடுவது. மேற்குத் தொடர்ச்சி மலையின் பெரும்பகுதி காப்புக்காடாகவோ, சரணாலயமாகவோ, புலிகள் காப்பகமாகவோ இருக்கிறது. மொட்டை மாடியில் நின்றால் கைக்கெட்டும் தூரத்தில் தெரிகிற சரிவில் அனுமதியின்றிக் கால் வைத்தால் அது குற்றம். தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று மலையேறச் சென்றவர்களில் 20க்கும் மேற்பட்டோர் காட்டுத்தீயில் சிக்கி உயிரிழந்த பிறகு, அந்த ஆண்டிலேயே மலையேற்றத்துக்கெனத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலையேற்றத் தடங்களை அறிவித்து, இணையவழி முன்பதிவுக்கும் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளுக்கும் ஏற்பாடு செய்தது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் அந்தத் தடங்களும் காட்டுத்தீ அபாயம் கருதி 2025இல் பிப்ரவரி நடுப்பகுதி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை மூடப்பட்டன. கோவைக்கு அருகிலுள்ள வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளை ஏறுவதற்கும் வழக்கமாகப் பிப்ரவரி முதல் மே வரைதான் அனுமதி. ஆண்டுக்கு நான்கைந்து முறை முன்பதிவு செய்து ஏறப்போகிற மலைக்காக வேலையையும் வீட்டையும் மாற்றத் தேவையில்லை. அதற்கு ரயில் டிக்கெட் போதும்.

ஆகவே ஊரை மதிப்பிடும்போது, ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு, யாரிடமும் அனுமதி கேட்காமல், வண்டியை எடுக்காமல், வீட்டு வாசலிலிருந்து என்ன செய்ய முடியும் என்று பாருங்கள். தென்காசிப் பக்கம் என்னைப் பிடித்து வைத்திருப்பவை அருவிகளைவிடக் குளங்கள்தாம். சுற்றுவட்டாரத்தில் எந்தத் திசையில் போனாலும் ஒரு குளத்துக்கரை வருகிறது. கரையின் ஒரு பக்கம் நீர்க்காகங்கள் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருக்கும். மறுபக்கம் மடையைத் திறந்துவிட்டு மண்வெட்டியைத் தோளில் சாய்த்தபடி ஒருவர் நின்றுகொண்டிருப்பார். இலஞ்சி வழியாகச் செங்கோட்டைக்கும், அங்கிருந்து குண்டாறு அணைக்கும் சைக்கிளிலேயே போய் வரலாம். பெரிய மலை கண்ணுக்கு, சிறிய கரை காலுக்கு என்று பிரித்துப் பார்க்கத் தொடங்கியபின்தான் எனக்கு இந்த ஊர் பிடிபட்டது.

அடுத்த தவறு, ஊரைச் சீசனில் பார்த்து முடிவெடுப்பது. ஜூன், ஜூலையில் தென்காசிக்கு வருகிறவர் சாரலில் மயங்கிவிடுகிறார். அதே மாதங்களில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக இறங்கும் காற்றை அவர் கணக்கில் எடுப்பதில்லை. செங்கோட்டைச் சாலையில் மேற்கு நோக்கி மிதித்தால் இறக்கத்திலும் சைக்கிள் நகராது; திறந்த வயல்வெளிக்கு வந்ததும் பக்கவாட்டில் அடிக்கிற காற்று முன் சக்கரத்தைத் தார்ச்சாலையிலிருந்து மண்ணுக்குத் தள்ளும். முதல் ஆண்டு நான் இரண்டு முறை விழுந்தேன். இப்போது அந்த மாதங்களில் விடியும் முன்பே கிளம்பி, காற்றை எதிர்த்துப் போய், திரும்பும்போது அதன் தள்ளுதலில் வருவதை வழக்கமாக்கிக்கொண்டேன். ஏப்ரலில் நிலைமை நேர்மாறு: அருவிகள் வற்றிக் கிடக்கும், காலை ஒன்பது மணிக்குமேல் வெளியே நிற்க முடியாது.

மலைமேல் உள்ள ஊர்களில் இந்த வேறுபாடு இன்னும் நுட்பமானது. நீலகிரி என்று ஒரே சொல்லால் குறிப்பிட்டாலும், மேற்கே கூடலூர், பந்தலூர், அவலாஞ்சிப் பகுதிகள் தென்மேற்குப் பருவமழையில் நனைபவை. கிழக்கே குன்னூரும் கோத்தகிரியும் வடகிழக்குப் பருவமழையை அதிகம் வாங்குபவை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பகுதிகளில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் 40க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கொடைக்கானலிலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கனமழை எதிர்பார்க்க வேண்டியதே. மே மாதம் தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே நடந்து மகிழ்ந்தவர், நவம்பரில் மூன்று வாரம் துணி காயாமல், பீரோவுக்குள் இருக்கும் மலையேற்றக் காலணியில் வெள்ளைப் பூஞ்சை படர்வதைப் பார்க்கும்போதுதான் யோசிக்கத் தொடங்குகிறார்.

இடம் வாங்குவதில் அவசரப்படுவது, பணத்தையும் நிம்மதியையும் சேர்த்து விழுங்கும் தவறு. மலையடிவாரத்தில் பண்ணை வீட்டு மனை என்று விற்பவர்கள் பட்டா, வில்லங்கச் சான்று இரண்டையும் காட்டிவிட்டால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று வாங்குகிறவர் நம்பிவிடுகிறார். தமிழ்நாட்டில் 1990 முதல் மலையிடப் பாதுகாப்புக் குழுமம், பேச்சுவழக்கில் ஹாகா, என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதன் பட்டியலில் உள்ள கிராமங்களில் மனை பிரிக்கவும் கட்டடம் கட்டவும் தனி ஒப்புதல் தேவைப்படும். கோவை, தேனி, தென்காசி மாவட்டங்களின் அடிவாரக் கிராமங்கள் பலவும் அந்தப் பட்டியலில் அடங்கும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் மட்டும் உரியது என்று நினைத்துவிடக் கூடாது. பத்திரப்பதிவு முடிந்தது என்பதால் வீடு கட்டும் உரிமை வந்துவிடாது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், அடிவாரத்தில் வாங்கிய மனையைச் சுற்றிக் கம்பிவேலி போட்டதோடு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறது. இடம் பார்க்கப் போகும்போது புரோக்கருடன் மட்டும் நின்று பேசாமல், வி.ஏ.ஓ. அலுவலகத்திலும் வனச்சரக அலுவலகத்திலும் அந்தப் புல எண்ணைச் சொல்லி விசாரியுங்கள்.

புல எண்ணைவிட நிறையச் சொல்பவர்கள் பக்கத்துத் தோட்டக்காரர்கள். யானை வருமா என்று கேட்டால் வராது என்று சொல்லிவிடலாம். வாழை ஏன் போடவில்லை என்று கேளுங்கள். அருகில் வனத்துறை வெட்டிய அகழி இருக்கிறதா, அதன் கரை எங்காவது மிதித்துச் சரிக்கப்பட்டிருக்கிறதா என்று நீங்களே நடந்து பாருங்கள். முதுமலையை ஒட்டிய சீகூர் பீடபூமியில் யானை வழித்தடத்தில் கட்டப்பட்ட விடுதிகள் தொடர்பான வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2020 அக்டோபரில் வழித்தட அறிவிக்கை உறுதி செய்யப்பட்டது. காட்டு விலங்குகளை விரும்பி ஊர் மாறுகிறவர்கள் அவற்றின் பாதையில் வேலி போடுவது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

கூட்டத்தைக் குறித்தும் ஒரு சொல். சுற்றுலா ஊரில் குடியிருப்பவருக்கு ஞாயிற்றுக்கிழமை சொந்தமில்லை. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் செல்ல 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவின்படி இ-பாஸ் நடைமுறை வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பும் விதிக்கப்பட்டது. உள்ளூர் வாகனங்களுக்கு விலக்கு உண்டு என்றாலும், உங்களைப் பார்க்க வரும் உறவினருக்கு இல்லை. குற்றாலத்தில் சாரல் சீசனோடு கூட்டம் முடிவதில்லை. கார்த்திகை, மார்கழியில் சபரிமலை செல்லும் ஐயப்ப பக்தர்கள் வருகிறார்கள். வெள்ளம் வந்தால் அருவிகளில் குளிக்கத் தடை விதிக்கிறார்கள். அந்தத் தடையைச் சலித்துக்கொள்கிறவர்கள், 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் 17 வயது மாணவன் ஒருவனை அடித்துச் சென்றதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

மருத்துவமனையையும் பயணத்தையும் பற்றிப் பெரும்பாலோர் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். தென்காசியில் அரசுத் தலைமை மருத்துவமனை உண்டு. அதற்குமேல் தேவைப்பட்டால் ஏறக்குறைய 55 கி.மீ. தொலைவில் உள்ள திருநெல்வேலிக்குத்தான் போக வேண்டும். சென்னைக்குப் பொதிகை எக்ஸ்பிரஸில் ஓர் இரவுப் பயணம். பண்டிகை நாட்களில் அந்த டிக்கெட் கிடைப்பது அரிது.

பெரும்பாலோர் கேட்காமல் விடுவது வீட்டுப் பெண்களைப் பற்றிய கேள்வி. குடும்பத் தலைவர் விடியற்காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். மனைவியோ மகளோ அதே நேரத்தில், அதே கரையில், தனியாக ஓட முடியுமா? இதற்கு இணையத்தில் விடை கிடைக்காது. காலை ஐந்தரை மணிக்குக் கல்லூரி மைதானத்துக்கும் குளத்துக்கரைக்கும் போய், அங்கே எத்தனை பெண்கள் நடக்கிறார்கள், தெருவிளக்கு எதுவரை எரிகிறது, நாய்கள் எங்கே கூடுகின்றன என்று குடும்பத்தோடு நான்கு நாள் பார்த்துவிடுங்கள்.

வாங்குவதற்கு முன் வாடகைக்கு இருந்து பாருங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் மாதத்தையும் சேர்த்துச் சொல்கிறேன்: தென்காசியானால் வழக்கமான பதினொரு மாத ஒப்பந்தத்தை ஜூனில் போடாமல் மார்ச்சில் போடுங்கள். காட்டுப் பாதைகள் மூடியிருக்கும் வாரங்கள், ஏப்ரல் வெயில், சாரல், காற்று, சீசன் கூட்டம், ஐப்பசி அடைமழை, ஐயப்ப சீசன் எல்லாம் அந்தப் பதினொரு மாதத்துக்குள் வந்துவிடும்.